கொழுப்புக் கலத்தின் பிறப்பு

கொழுப்பு என்னும் சொல் தமிழிலே நற்பெயர் பெற்ற சொல்லன்று. செருக்கோடு நடப்பவனைக் கண்டால், "அவனுக்குக் கொழுப்பு" என்று ஊரார் கூறுவர். வைத்தியசாலைக்குச் சென்றாலோ, கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்ற அறிவுரையே காதில் விழுகிறது. இவற்றையெல்லாம் கேட்கும் ஒருவர், உடலிலே கொழுப்பிழையம் இல்லாத மனிதன் இருப்பானாயின் அவனே நோயற்ற வாழ்வுடையவன் என்று முடிவு செய்தல் இயல்பே. அத்தகைய மனிதர் உண்மையிலேயே உளர். ஆனால், அவர்களுடைய வாழ்க்கை அம்முடிவைப் பொய்யாக்கிவிடுகிறது.

1954ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு வைத்தியரான வால்டெமார் பெரார்டினெல்லி என்பவரும், 1959ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு வைத்தியரான மார்ட்டின் செயிப் என்பவரும் அரிய நோயொன்றைப் பற்றி எழுதினர். அவ்விருவர் பெயராலேயே அந்நோய் இன்றும் வழங்குகிறது. இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளுக்குத் தோலின் கீழே கொழுப்பிழையம் இல்லை என்றே கூறிவிடலாம். கன்னம் ஒட்டியிருக்கும், இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும், தசைகள் மல்லனுடைய தசைகள் போலத் திரண்டு தோன்றும். ஆயினும் இவர்களுடைய பசி அடங்குவதில்லை. ஈரல் கொழுப்பேறிப் பருத்துவிடுகிறது. இரத்தத்திலே கொழுப்பு மிகுகிறது. இளமையிலேயே நீரிழிவு பற்றிக்கொள்கிறது. இன்சுலினைப் பேரளவிற் செலுத்தினாலும் அது எளிதில் அடங்குவதில்லை.

கொழுப்பிழையம் இல்லாத உடல், கொழுத்த உடலுக்கு வருகின்ற நோயாலேயே வருந்துகிறது. இஃது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், கொழுப்புக் கலம் என்பது யாது, அது எங்கிருந்து பிறக்கிறது, அதன் பிறப்பை விதிப்பன எவை என்பனவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

உயிருள்ள உடல்கள் யாவும் கலங்களால் ஆனவை. அவற்றுள் கொழுப்புக் கலம் தனித் தோற்றமுடையது. நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினால், ஒரு பெரிய எண்ணெய்த் துளி கலம் முழுவதையும் நிரப்பி நிற்பதையும், கலத்தின் கரு ஓர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருப்பதையும் காணலாம். உண்ட உணவிலே அன்றாடத் தேவைக்கு மிஞ்சியதைப் பெரும்பாலும் கொழுப்பாக்கிச் சேமித்து வைத்தலும், உணவில்லாத வேளையில் அதனைத் திருப்பி அளித்தலும் இக்கலத்தின் தொழில். அறுவடைக் காலத்திலே நெல்லைப் பெற்றுக்கொண்டு, பஞ்ச காலத்திலே அதனை அளந்து கொடுக்கும் களஞ்சியம் போன்றது அது.

நிறைந்து முதிர்ந்த கொழுப்புக் கலம் பிளவுபட்டு இரண்டாவதில்லை. எனவே, புதிய கொழுப்புக் கலம் வேறொரு கலத்திலிருந்தே தோன்றுதல் வேண்டும். அந்த மூலத்தைக் குருத்துக்கலம் என்று கூறலாம். பனையிலே இன்னும் விரியாத குருத்து இருப்பதுபோல, உடலிலும் இன்ன தொழில் என்று விதிக்கப்படாத கலங்கள் சில எஞ்சி நிற்கின்றன. எலும்பு மச்சையிலே இத்தகைய கலங்கள் உள்ளன என்பதற்கு வழிகாட்டியவர் சோவியத் நாட்டு விஞ்ஞானி அலெக்சாந்தர் பிரீடன்ஸ்டைன் ஆவர். 1999ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் மார்க் பிற்றென்ஜரும் அவர்தம் துணைவரும் மனிதரின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணாடிப் பாத்திரங்களில் வளர்த்தனர். ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள், வளர்ப்பு நீரிற் சேர்த்த பொருள்களுக்கேற்ப, ஒரு பாத்திரத்திலே எலும்புக் கலங்களாயின. மற்றொன்றிலே கசியிழையக் கலங்களாயின. பிறிதொன்றிலே கொழுப்புக் கலங்களாயின.

இம்மூவகைக் கலங்களுக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. எலும்புக் கலத்திலுள்ள ஏடுதான் கொழுப்புக் கலத்திலும் இருக்கிறது. அந்த ஏட்டிலே எந்த அதிகாரம் திறந்து படிக்கப்படுகிறது, எந்த அதிகாரம் மூடி வைக்கப்படுகிறது என்பதே வேறுபாடு. அங்ஙனமாயின், ஏட்டைத் திறப்பவர் யார்? மூடுபவர் யார்?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற கருவி 1974ஆம் ஆண்டிலே கிடைத்தது. அமெரிக்காவிலே மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹவார்ட் கிறீன் என்பவர் சுண்டெலி முளையத்திலிருந்து பெற்ற கலங்களை நெடுங்காலமாக வளர்த்து வந்தார். அக்கலங்கள் பாத்திரத்தின் அடியை நிரப்பி, மேலும் பெருக இடமின்றி ஓய்ந்திருந்தபோது, அவற்றுட் சில உருண்டு திரண்டு உள்ளே எண்ணெய்த் துளிகளைச் சேர்க்கத் தொடங்கின. மற்றொருவராயின், பழுதுபட்ட கலங்கள் என்று அவற்றைக் கொட்டிவிட்டிருத்தலும் கூடும். கிறீன் அவ்வாறு செய்தாரல்லர். அவற்றையே தனியே பிரித்தெடுத்து வளர்த்தார். கொழுப்புக் கலமாக மாறுவதற்கு ஆயத்தமாய் நின்ற கலங்கள் அவை. பின்னர் அவரும் ஓலானியி கெகிண்டே என்பவரும் அத்தகைய கலங்களைச் சுண்டெலிகளின் தோலின் கீழே செலுத்தியபோது, அங்கே இயற்கையான கொழுப்பிழையமே உண்டாயிற்று. அன்று பிரித்தெடுத்த கலங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகின்றன.

இக்கலங்களை ஆராய்ந்தோர் கண்ட முதல் உண்மை வியப்புக்குரியது. கொழுப்புக் கலமாகும்படி குருத்துக்கலத்தைத் தூண்டும் சைகைகள் பல உள்ளன. ஆனால் அவற்றுக்கு எதிரே, "ஆகாதே" என்று தடுத்து நிற்கும் சைகைகளும் உள்ளன. தடை நீங்கினாலன்றிக் கொழுப்புக் கலம் பிறப்பதில்லை.

அத்தடைகளுள் முதன்மையானது வின்ற் எனப்படும் சைகை. இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1982ஆம் ஆண்டிலே றோல் நுசே, ஹரோல்ட் வார்மஸ் ஆகிய இருவரும் சுண்டெலியிற் புற்றுநோயோடு தொடர்புடைய பரம்பரையலகொன்றைக் கண்டு, அதற்கு இன்ற் எனப் பெயரிட்டனர். பழ ஈயிலே பழுதுற்றாற் சிறகு தோன்றாமற் செய்யும் விங்லெஸ் என்னும் பரம்பரையலகும் அதுவும் ஒரே இனத்தன என்பது 1987இல் தெரியவந்தது. இரு பெயரும் கலந்து வின்ற் என்ற பெயர் பிறந்தது. ஈயின் சிறகுக்கும் மனிதனுடைய இடுப்புக் கொழுப்புக்கும் ஒரே மொழியிலே ஆணை எழுதப்படுகிறது என்பது உயிர்களிடையே உள்ள உறவை உணர்த்துகிறது.

இச்சைகை தொழிற்படும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். வின்ற் என்பது ஒரு கலம் வெளியே அனுப்பும் புரதம். அது அயலிலுள்ள கலத்தின் மேற்பரப்பை அடைந்து, அங்குள்ள வாங்கி என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அக்கலத்தின் உள்ளே பீற்றா கற்றெனின் என்ற மற்றொரு புரதம் ஓயாது உண்டாகி, ஓயாது அழிக்கப்பட்டுக் கொண்டிருக்கிறது. தூதன் வாயிலைத் தட்டியதும் அழிக்கும் வேலை நின்றுவிடுகிறது. அழியாது தப்பிய புரதம் பெருகிக் கருவினுட் புகுந்து, குறித்த சில பரம்பரையலகுகளை எழுப்புகிறது. அதன் விளைவாக, கொழுப்புக் கலத்தை ஆக்கும் பரம்பரையலகுகள் உறக்கம் கலையாது கிடக்கின்றன.

2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர்மண்ட் மக்டூகால்ட் என்பவருடைய ஆய்வுகூடத்தினர் இதனைத் தெளிவாக நிறுவினர். வின்ற் சைகை ஒலித்துக்கொண்டிருக்கும் வரையில், ஆயத்த நிலையிலுள்ள கலங்கள் எத்துணைத் தூண்டினும் கொழுப்புக் கலங்களாகவில்லை. சைகையைத் தடுத்தபோதோ, அவை தாமாகவே கொழுப்புக் கலங்களாயின. அம்மட்டன்று, தசையாக வேண்டிய கலங்களிலும் இச்சைகையைத் தடுத்தபோது, அவையும் கண்ணாடிப் பாத்திரத்திலே கொழுப்புக் கலங்களாக மாறின. காவலன் நீங்கிய வாயிலினூடே கலம் செல்லும் வழி இதுவேயாயிற்று.

வின்ற் தனித்து நின்று காவல் புரிவதில்லை. 1993ஆம் ஆண்டிலே சிந்தியா சிமாஸ், ஹெய் சூக் சுல் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், ஆயத்த நிலைக் கலத்தில் நிறைந்திருந்து, அது கொழுப்புக் கலமாக மாறும்போது மறைந்துவிடும் புரதமொன்றைக் கண்டனர். அதனை நீங்காது வைத்திருந்தால் மாற்றம் தடைப்படுகிறது. தூண்டுவனவற்றுள்ளே, குருத்துக்கலத்தைக் கொழுப்பு வழிக்கு முதலில் அழைத்து வரும் புரதம் ஒன்று 2004இல் அறியப்பட்டது. எலும்பாக்கும் புரதங்கள் எனப் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்ததே அது. எலும்புக்குப் பெயர் பெற்றது கொழுப்புக்கும் வித்தாவது விந்தையே. இன்சுலினும், உடல் துன்புறும்போது சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோனும் அடுத்த படிகளிலே உதவுகின்றன.

தடைகள் நீங்கித் தூண்டுகோல்கள் வந்து சேர்ந்தபின், கருவினுள்ளே முதலில் சீ.ஈ.பீ.பீ. என்ற குடும்பத்துப் புரதங்கள் எழுகின்றன. அவை எழுப்பும் தலைவன் பீ.பீ.ஏ.ஆர். காமா என்னும் புரதம். பொஸ்டன் நகரிலே புரூஸ் ஸ்பீகல்மன் என்பவரும் அவர்தம் மாணவர்களும் 1994ஆம் ஆண்டில் இதன் ஆற்றலைக் காட்டினர். கொழுப்போடு தொடர்பில்லாத சாதாரண தொடுப்பிழையக் கலங்களுள் இந்த ஒரு பரம்பரையலகைச் செலுத்தியதும், அவை கொழுப்புக் கலங்களாயின. இதனை நீக்கிய கலமோ, எத்தூண்டுகோலாலும் கொழுப்புக் கலமாவதில்லை. கொழுப்பை உள்ளே கொண்டுவரும் புரதம், அதனைத் துளியாகக் காக்கும் புரதம், வேண்டும்போது வெளிவிடும் நொதியம் ஆகிய யாவற்றுக்கும் உரிய அதிகாரங்களை இத்தலைவனே திறக்கிறான்.

கலத்தின் விதியை இரசாயனப் பொருள்கள் மாத்திரம் வகுப்பதில்லை. 2004ஆம் ஆண்டிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் சென் என்பவரும் அவர்தம் துணைவரும், மனிதக் குருத்துக்கலங்களைச் சிறியனவும் பெரியனவுமான பசைத் தீவுகளில் ஒவ்வொன்றாக அமர்த்தினர். சிறிய தீவிலே ஒடுங்கி உருண்டிருந்த கலங்கள் கொழுப்புக் கலங்களாயின. பெரிய தீவிலே விரிந்து படர்ந்த கலங்கள் எலும்புக் கலங்களாயின. விரிந்து இழுபட்ட நிலையையே கலம் ஒரு சைகையாக ஏற்றுக்கொள்கிறது.

இனி, முதலிற் கூறிய புதிருக்குத் திரும்பலாம். 1998ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர், கொழுப்புக் கலத்தை ஆக்கும் புரதங்கள் தொழிற்படாதவாறு செய்து, வெண்கொழுப்பு அற்ற சுண்டெலிகளைத் தோற்றுவித்தனர். அச்சுண்டெலிகளுக்கும் ஈரல் கொழுப்பேறிப் பருத்தது. கடும் நீரிழிவு உண்டாயிற்று. 2000ஆம் ஆண்டிலே அவற்றின் தோலின் கீழே நல்ல சுண்டெலிகளின் கொழுப்பிழையத்தை எடுத்து வைத்துத் தைத்தனர். நீரிழிவு நீங்கியது! நீரிழிவுக்குக் கொழுப்பே மருந்தாகும் என்று யாரேனும் முன்னர்க் கூறியிருந்தால், கேட்டவர் நகைத்திருப்பர்.

இதன் பொருளை உழவர் எளிதில் உணர்வர். விளைந்த நெல்லுக்குக் களஞ்சியம் இல்லாவிடின், விளைச்சல் குறைந்துவிடுவதில்லை. நெல் முற்றத்திலும் திண்ணையிலும் குவிந்து, மழையில் நனைந்து, முளைத்து, வீட்டையும் பாழாக்குகிறது. கொழுப்புக் கலம் இல்லாத உடலிலும் உண்ட உணவின் மிச்சம் மறைந்துவிடுவதில்லை. அது ஈரலிலும் தசையிலும் சென்று படிகிறது. அவ்வுறுப்புகள் அதனைத் தாங்குவதற்கென அமைந்தவை அல்ல. கொழுப்பேறிய ஈரலும் தசையும் இன்சுலினுடைய ஆணைக்குப் பணிய மறுக்கின்றன. அங்கே தொடங்குகிறது நீரிழிவு.

1999ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆய்வாளர், பீ.பீ.ஏ.ஆர். காமாவின் பரம்பரையலகில் விகாரமுற்ற சிலரைக் கண்டறிந்தனர். அவர்களிடத்தும் இன்சுலினுக்குப் பணியாமையும், நீரிழிவும், இளமையிலேயே உயர்ந்த இரத்த அழுத்தமும் காணப்பட்டன. களஞ்சியத் தலைவன் தளர்ந்த இடத்தே நோய் புகுந்துவிட்டது.

கொழுப்புக் கலம் சேமிப்பதோடு அமைவதில்லை, பேசவும் செய்கிறது. 1994ஆம் ஆண்டிலே ஜெப்ரி பிரீட்மன் என்பவருடைய ஆய்வுகூடம் கண்ட லெப்டின் என்னும் ஓமோன், "சேமிப்புப் போதும்" என்ற செய்தியைக் கொழுப்பிழையத்திலிருந்து மூளைக்குக் கொண்டு செல்கிறது. கொழுப்பிழையம் அற்ற குழந்தைகளின் பசி அடங்காமைக்கு இச்செய்தி வாராமையும் ஒரு காரணமாகும். 2002ஆம் ஆண்டிலே அத்தகைய நோயாளர் சிலருக்கு லெப்டினை ஊசியாக ஏற்றியபோது, நீரிழிவு தணிந்தது, இரத்தக் கொழுப்புக் குறைந்தது, ஈரலும் சுருங்கியது. 2014ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பெயர் மாத்திரமே பெற்றிருந்த நோய்க்கு மருந்து ஒன்று வந்து சேர்ந்தது.

கொழுப்புக் கலத்தின் பிறப்பைத் தூண்டும் மருந்தும் உண்டு. றோசிகிளிற்றசோன் என்னும் நீரிழிவு மருந்து, பீ.பீ.ஏ.ஆர். காமாவையே பற்றித் தூண்டுகிறது என்பது 1995இல் வெளியாயிற்று. இவ்வின மருந்தை உட்கொள்வோர் உடல் நிறை கூடுகிறது. எனினும் இரத்தத்திற் சர்க்கரை குறைகிறது. தோலின் கீழே களஞ்சியம் விரிவடைய, ஈரலின் சுமை இறங்குகிறது. ஆனால், இங்கே மற்றொரு கதவு மூடப்படுவதையும் மறத்தலாகாது. எலும்பும் கொழுப்பும் ஒரே குருத்தின் இரு ஓலைகள் அன்றோ? 2006ஆம் ஆண்டு வெளியான பெரிய மருத்துவச் சோதனையொன்றிலே, இம்மருந்தை உட்கொண்ட பெண்களிடையே எலும்பு முறிவு மிகுந்திருந்தமை தெரியவந்தது. இதய நோய் பற்றிய ஐயத்தால் 2010ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் இம்மருந்தின் விற்பனையும் நிறுத்தப்பட்டது.

முதுமையிலே இயற்கையாகவும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. ஆண்டுகள் ஏற ஏற, எலும்பு மச்சையிலே கொழுப்பு மிகுகிறது, எலும்பு மெலிகிறது. வின்ற் சைகையைப் பெறும் வாங்கிகளுள் ஒன்றான எல்.ஆர்.பீ.-5 பழுதுற்றோர்க்கு இளமையிலேயே எலும்பு நலிகிறது என்பது 2001இலும், அதே வாங்கி மிகுதியாகத் தொழிற்படுவோர்க்கு எலும்பு இயல்பினும் திண்மையுறுகிறது என்பது 2002இலும் அறியப்பட்டன. வின்ற் சைகைக்குத் தடையான புரதமொன்றை விலக்கி எலும்பைப் பெருக்கும் மருந்து 2019ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அனுமதி பெற்றது. பழ ஈயின் சிறகிலே தொடங்கிய ஆராய்ச்சி, மூதாட்டியின் இடுப்பெலும்பிலே வந்து பயன் தருகிறது.

மனிதனுக்குக் கொழுப்புக் கலங்கள் எத்துணை, அவை எப்போது உண்டாகின்றன என்பதை அறிவதற்கு ஓர் எதிர்பாராத உதவி கிடைத்தது. 1963ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு முன்னர் வல்லரசுகள் வானவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளாற் காபன்-14 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் காற்றிலே பெருகியது. பின்னர் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒரு கலம் பிறந்த ஆண்டின் அளவு அதன் பரம்பரைப் பொருளிலே பதிந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டிலே சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கேர்ஸ்ற்றி ஸ்போல்டிங்கும் அவர்தம் துணைவரும் இதனை அளந்து, மனிதனின் கொழுப்புக் கலங்களிற் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் மாண்டு, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது என்று கணித்தனர். மொத்தத் தொகையோ குழந்தைப் பருவத்திலும் இளமைப் பருவத்திலும் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பின்னர் உடல் மெலிந்தபோதும் கலங்களின் எண்ணிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு கலமும் சுருங்குகிறது.

இவ்வாராய்ச்சி இலங்கை மக்களுக்கும் அயலானதன்று. தென்னாசிய மக்கள், ஐரோப்பியரினும் குறைந்த உடற்பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. 2004ஆம் ஆண்டிலே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, உடல் நிறையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பெறும் சுட்டெண் 25ஐ எட்டும் வரையில் ஆசிய மக்கள் காத்திராது, 23இலேயே விழிப்படைதல் வேண்டும் என்று கூறியது. தோலின் கீழுள்ள களஞ்சியம் இம்மக்களுக்குச் சிறியதாக இருத்தலால், மிச்சம் விரைவிலே ஈரலுக்கு வழிந்துவிடுகிறது போலும் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கை கால் மெலிந்து வயிறு மாத்திரம் முன் தள்ளிய ஒருவர், "எனக்கு உடம்பே இல்லை, எனக்கேது நீரிழிவு?" என்று கேட்பதை ஊர்தோறும் கேட்கலாம். அவ்வினாவுக்குரிய விடை இதுவே. உடம்பின் பருமனன்று, களஞ்சியத்தின் கொள்ளளவுக்கு மிஞ்சியது எங்கே செல்கிறது என்பதே நோக்கத்தக்கது.

கொழுப்புக் கலம் நல்லது என்று கேட்டவர், ஆகவே மேலும் உண்ணலாம் என்று முடிவு செய்தல் வேண்டா. களஞ்சியம் எத்துணைப் பெரிதாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை மீறி நிறைந்த கொழுப்புக் கலமும் நலிவுற்று, கொண்டதை வெளிவிடத் தொடங்கும். சேமிப்பதற்கு இடம் தந்த இயற்கை, அளவின்றிச் சேமிக்க உரிமை தரவில்லை.

ஒரு சிறு குருத்துக்கலம் பல சைகைகளைக் கேட்டு, தடுப்பது எது, தூண்டுவது எது என்று ஆராய்ந்து, ஒரு வழியைத் தெரிந்துகொள்கிறது. அது கொழுப்புக் கலமாவது உடலைக் கெடுப்பதற்கன்று, காப்பதற்கே. கொழுப்பே இல்லாது பிறந்த சில குழந்தைகள் தம் துன்பத்தால் உலகுக்கு உணர்த்திய பாடம் இது. களஞ்சியத்தைப் பகைப்பதனால் வீடு வளம் பெறாது. அதில் இடுவதை அளந்து இடுதலே அறிவுடைமை.